ரெண்டாவது குடையின் கதை

போன மாசம் ஒரு சனிக்கிழமை காலை. டெக்சாஸ் மேய்ச்சல் காட்டுக்கு மேல 4000 அடி உயரம். பாராசூட்டைத் திறந்தேன். வழக்கம்போல ஒரு உலுக்கல். நிமிர்ந்து பார்த்தா, செவ்வகமா விரிஞ்சு நிக்க வேண்டிய துணி, நடுவுல கயிறு போட்டு இறுக்கின தலையணை மாதிரி ரெண்டு பக்கமும் புடைச்சுக்கிட்டு நிக்குது. ஒரு கயிறு குடைக்கு மேல ஏறி விழுந்திருக்கு. இதுக்கு 'லைன் ஓவர்'னு பேரு. இடது பக்கமா மெதுவா சுத்த ஆரம்பிச்சுது.

இது என்னோட 38-வது ஜம்ப். அந்தக் குடையை மடிச்சது வேற யாரும் இல்லை, அடியேன்தான். அதனால யாரையும் திட்ட முடியாது :-)

பிரேக் கயிறு ரெண்டையும் இழுத்துப் பார்த்தேன். சரியாகலை. இன்னொரு தடவை இழுத்தேன். கயிறு கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்துச்சு. 'வந்துடும், இன்னும் ஒரே ஒரு தடவை'ன்னு மனசு சொல்லுது. மணிக்கட்டுல இருந்த உயரமானியைப் பார்த்தேன். 2200 அடி.

எனக்குச் சொல்லிக் கொடுத்த விதி தெளிவானது. என்னை மாதிரி புதுசா 'ஏ' லைசென்ஸ் வாங்கினவங்க, குடை சரியில்லைன்னா 2500 அடிக்குள்ள முடிவு எடுத்துடணும். அதுக்கு மேல ரிப்பேர் வேலை கிடையாது. நான் முன்னூறு அடி தாண்டிட்டேன். வலது பக்கத்து சிவப்புப் பிடியை இழுத்தேன், மெயின் குடை கழண்டு போச்சு. வயித்துல ஒரு காலி. இடது பக்கத்து வெள்ளி நிற உலோகப் பிடியையும் இழுத்தேன். ரெண்டு மூணு நொடிதான் இருக்கும். தலைக்கு மேல ஒரு வெள்ளைக் குடை. அவ்வளவு அழகான துணியை நான் பார்த்ததே இல்லை. (கல்யாணப் பட்டுப்புடவையை விடவான்னு தங்கமணி கேட்டா, இந்த வரியை நான் எழுதலை.)

கீழே இறங்கி, கழட்டி விட்ட மெயின் குடையை ரெண்டு மணி நேரம் முள்ளுக்காட்டுல தேடி எடுத்தது தனிக்கதை. இழுத்த பிடிகள் ரெண்டையும் பயத்துல கை விட்டுட்டேன், அதுக்குத் தனியா தண்டம். அடுத்த வாரம் ஒரு பாட்டிலோட ரிக்கரைப் பார்க்கப் போனேன். ரிக்கர்னா பாராசூட் மடிக்கவும் சரிபார்க்கவும் அரசாங்க உரிமம் வாங்கினவர். ரிசர்வ் உயிரைக் காப்பாத்தினா, அதை மடிச்சவருக்கு ஒரு பாட்டில் வாங்கிக் கொடுக்கணும்ங்கிறது இந்த ஊர்ல எழுதாத சட்டம். எழுபது வயசைத் தாண்டினவர். பாட்டிலை வாங்கி ஓரமா வெச்சுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எத்தனை அடியில விட்டே?"

2200-ன்னேன். தலையை ஆட்டினார். திட்டலை. "உன் முதுகுல இருக்கிறது எதுக்காக வந்துச்சுன்னு தெரியுமா?"ன்னு ஆரம்பிச்சார். அன்னிக்கு அவர் சொன்னதும், அப்புறம் நானே தேடிப் படிச்சதும் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு.

நம்ம ஊர்ல 'ரிசர்வ்'னா என்ன ஞாபகம் வரும்? பழைய பஜாஜ் ஸ்கூட்டர். பாதி ரோட்டுல வண்டி இருமும், குனிஞ்சு பெட்ரோல் திருகியைத் திருப்புவோம், மறுபடி ஓடும். நானும் பாராசூட் ரிசர்வ் அப்படித்தான்னு நினைச்சுட்டு இருந்தேன். ஒண்ணு போனா இன்னொண்ணு. ஆனா வானத்துல ஒரு சிக்கல் இருக்கு. முதல் குடை முழுசா விரியாம, முழுசா விடாமலும், தலைக்கு மேல சுத்திட்டு இருக்கும். அதுக்குள்ளயே ரெண்டாவதைத் திறந்தா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சுத்திக்கும். அப்போ ரெண்டும் கிடையாது. ஆக, ரிசர்வோட வரலாறுங்கிறது ரெண்டாவது குடையைக் கண்டுபிடிச்ச கதை இல்லை. முதல் குடையை எப்படி விடறதுன்னு கத்துக்கிட்ட கதை.

விடற கலையை முதல்ல காசுக்குக் காட்டினவங்க பலூன் வித்தைக்காரங்க. 1797 அக்டோபர் 22-ல பாரிஸ்ல ஆந்த்ரே ழாக் கார்னரின் பலூன்ல மேல போய், கயிற்றை அறுத்துக்கிட்டு பாராசூட்ல இறங்கினார். அவர்கிட்ட இருந்தது ஒரே குடை. அதுவும் ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடி இறங்கினது. அதுக்கப்புறம் ஒரு நூறு வருஷம் பாராசூட்ங்கிறது பெரும்பாலும் திருவிழாக் கூட்டத்துக்குக் காட்டுற வேடிக்கைதான். நம்ம பக்கத்துலயும் 1890-ல கல்கத்தாவுல ராமச்சந்திர சாட்டர்ஜி பலூன்ல இருந்து குதிச்சுக் காட்டியிருக்கார்.

இந்த வேடிக்கைக்காரங்கள்ல எனக்குப் பிடிச்சவங்க ஜெர்மனியைச் சேர்ந்த கேத்தே பவுலுஸ். தையல் வேலை பார்த்தவங்க. அவங்களோட பேர்போன வித்தை 'இரட்டைக் குதி'. ஒரு குடையில இறங்கிட்டு இருக்கும்போதே, கூட்டம் வாயைப் பிளந்து பார்க்க, அந்தக் குடையைக் கழட்டி விட்டுட்டு விழுவாங்க. பார்க்கிறவங்க அலறுவாங்க. அப்புறம் ரெண்டாவது குடை விரியும். யோசிச்சுப் பாருங்க, நான் போன மாசம் நடுங்கிக்கிட்டே செஞ்சதை, அந்தம்மா நூறு வருஷத்துக்கு முன்னாடி டிக்கெட் போட்டுச் செஞ்சிருக்காங்க!

இதுல இன்னொரு பக்கமும் இருக்கு. 1894-ல கிரேஃபெல்ட் ஊர்ல நடந்த காட்சியில, அவங்களோட காதலரும் குருவுமான ஹெர்மன் லாட்டமன் குடை விரியாம விழுந்து செத்துப் போனார். அதுக்கப்புறமும் பவுலுஸ் குதிக்கிறதை விடலை. குடையைச் சுருக்கி மடிச்சுப் பையில வைக்கிற முறையைச் செப்பனிட்டாங்க. முதல் உலகப் போர்ல ஜெர்மன் படைக்கு ஏறக்குறைய 7000 பாராசூட் செஞ்சு கொடுத்தாங்க.

இரட்டைக் குதி அமெரிக்காவுக்கும் வந்துச்சு. 1922-ல நெப்ராஸ்கா மாநிலம் லிங்கன்ல இருபது வயசுப் பையன் ஒருத்தன், முதல் தடவை குதிக்கும்போதே இரட்டைக் குதிதான் வேணும்னு அடம் பிடிச்சான். முதல் குடை விரிஞ்சுது, கழட்டினான், ரெண்டாவது விரிய எதிர்பார்த்ததை விட ரொம்ப நேரமாச்சு. அதுக்கு முன்னாடி குதிச்சதே இல்லைங்கிறதால, இது சரியா தப்பான்னு அவனுக்குத் தெரியலை. அந்தப் பையன் பேர் சார்லஸ் லிண்ட்பெர்க். அஞ்சு வருஷம் கழிச்சு அட்லாண்டிக் கடலைத் தனியாப் பறந்து தாண்டினவரேதான். அதுக்கு முன்னாடி ரெண்டே வருஷத்துல நாலு தடவை விமானத்தைக் கைவிட்டுக் குதிச்சு உயிர் பிழைச்சார்.

அந்தக் காலத்துல விமானிகளுக்கே பாராசூட் இயல்பான விஷயமா இல்லை. 1919 ஏப்ரல் 28-ல ஒஹாயோவுல மெக்குக் ஃபீல்ட்ங்கிற இடத்துல லெஸ்லி இர்வின் விமானத்துல இருந்து குதிச்சு, கொஞ்ச தூரம் சும்மா விழுந்து, தன் கையாலேயே கயிற்றை இழுத்துக் குடையைத் திறந்தார். விமானத்தோட கட்டின கயிறு இல்லாம விழுந்தா மனுஷன் மயங்கிடுவான், கை வேலை செய்யாதுன்னு பல பேர் நம்பிட்டு இருந்த காலம் அது. இர்வின் மயங்கலை. தரையில இறங்கும்போது கணுக்கால்தான் உடைஞ்சுது.

மூணு வருஷம் கழிச்சு, 1922 அக்டோபர் 20-ல, அதே மெக்குக் ஃபீல்ட்ல ஹரால்ட் ஹாரிஸ்ங்கிற விமானியோட விமானம் நடுவானத்துல உடைய ஆரம்பிச்சுது. குதிச்சார். அந்த அவசரத்துல அவர் கையில முதல்ல அகப்பட்டது பாராசூட் பிடி இல்லை, தொடைப் பட்டையோட கொக்கி. அதைப் பிடிச்சு இழுத்திருக்கார். அப்புறம் சரியான பிடி கிடைச்சு உயிர் பிழைச்சார். இந்தக் கதையைச் சொல்லும்போது ரிக்கர் என் நெஞ்சுல இருந்த பிடிகளைத் தட்டிக் காட்டினார். "ஒண்ணு மெத்தை, ஒண்ணு உலோகம். ஒண்ணு சிவப்பு, ஒண்ணு வெள்ளி. கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டாலும் வித்தியாசம் தெரியணும். ஏன்னு இப்போ புரியுதா?"

ரெண்டாவது குடையை எல்லாரும் உடனே ஏத்துக்கிட்டாங்கன்னு நினைக்காதீங்க. இரண்டாம் உலகப் போர்ல அமெரிக்க பாராசூட் வீரர்கள் நெஞ்சுல ஒரு ரிசர்வ் கட்டிக்கிட்டுக் குதிச்சாங்க. பிரிட்டிஷ் வீரர்கள் போர் முழுக்க ஒரே குடையோடதான் குதிச்சாங்க. அவங்களுக்கு ரிசர்வ் கிடைச்சது 1950களில்தான்.

போர் முடிஞ்சதும் மிச்சமான ராணுவக் குடைகள் மலிவா சந்தைக்கு வந்துச்சு. அதை வாங்கி ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்கா குதிக்க ஆரம்பிச்சவங்கதான் இந்த விளையாட்டோட முன்னோடிகள். நம்ம ரிக்கர் தாத்தா குதிக்க ஆரம்பிச்சது 1972-ல. முதுகுல ஒரு வட்டக் குடை, வயித்துல ஒரு ரிசர்வ். பிள்ளைத்தாச்சி மாதிரி இருக்கும்னு சிரிச்சார்.

அப்போ மெயின் குடை பாதி விரிஞ்சு சுத்தினா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். எழுந்து நின்னு செஞ்சே காட்டினார். ஒரு வழி, மெயினை அப்படியே விட்டுட்டு, ரிசர்வ் துணியைக் கையால அள்ளி, சுத்துற திசையைப் பார்த்துக் காத்துல வீசறது. சுத்திக்காம விரிஞ்சா அதிர்ஷ்டம். இன்னொரு வழி, மெயினைக் கழட்டறது. ரெண்டு தோள்லயும் 'கேப்வெல்'னு ஒரு உலோகப் பூட்டு இருக்கும். மூடியைத் திறக்கணும், உள்ளே இருக்கிற கம்பி வளையத்துல கட்டை விரலை விடணும், இழுக்கணும். ரெண்டு தோள்லயும் ஒரே சமயத்துல. ஒரு பக்கம் கழண்டு மறுபக்கம் மாட்டிக்கிச்சுன்னா, ஒரு தோள்ல தொங்கிக்கிட்டே துணி படபடக்கும்.

இதுல வேடிக்கை என்னன்னா, அந்தப் பூட்டு வானத்துல கழட்டறதுக்காகச் செஞ்சதே இல்லை. தரையில இறங்கின விமானியைக் காத்து இழுத்துட்டுப் போகாம இருக்க, குடையைச் சட்டுனு கழட்டி விடறதுக்காகச் செஞ்சது. தரைக்குச் செஞ்ச பூட்டை வச்சுக்கிட்டு வானத்துல சமாளிச்சிருக்காங்க. "அதனால பல பேர் கழட்டவே தயங்குவாங்க. தயங்கினவங்கள்ல சில பேரை நான் அப்புறம் பார்க்கலை"ன்னு சொல்லிட்டு, என் ரிசர்வ் துணியைப் பிரிச்சு மேசையில பரப்ப ஆரம்பிச்சார்.

இந்தத் தயக்கத்துக்கு விடை கண்டுபிடிச்சவர் பில் பூத். 1970களின் நடுவுல அவர் கொண்டு வந்தது 'மூணு வளையம்'. உங்க ஊர்ல யாராவது குதிக்கிறவங்க இருந்தா அவங்க தோளைப் பாருங்க. பெருசு, நடுத்தரம், சின்னதுன்னு மூணு உலோக வளையம், ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழைஞ்சு மடிஞ்சிருக்கும். கடைசி வளையத்தை ஒரு சின்ன நூல் கண்ணி பிடிச்சிருக்கும். அந்தக் கண்ணியை ஒரு மஞ்சள் கம்பி பிடிச்சிருக்கும். ஒவ்வொரு வளையமும் ஒரு நெம்புகோல். மேல குடை நூத்துக்கணக்கான கிலோ எடையில இழுத்தாலும், அந்த நூல் கண்ணிக்கு வந்து சேர்றது ரொம்பக் கொஞ்சம். ஒரு பிடியை இழுத்தா ரெண்டு தோள்லயும் கம்பி உருவிக்கும், வளையங்கள் பிரண்டு விழும், குடை போயிடும். நட்டு, போல்ட்டு, ஸ்பிரிங் எதுவும் கிடையாது. இன்னிக்கும் உலகம் முழுக்க இதைத்தான் மாட்டிக்கிட்டுக் குதிக்கிறாங்க. போன மாசம் என்னைக் காப்பாத்தினதும் இதுதான். அந்தப் பிடி எவ்வளவு லேசா வந்துச்சுன்னு இன்னும் கையில ஞாபகம் இருக்கு.

அதே காலத்துல குடையும் மாறிட்டு வந்துச்சு. டொமினா ஜால்பர்ட் 1964-ல வடிவமைச்ச, காத்தை உள்வாங்கி இறக்கை மாதிரி விறைக்கிற துணி, வட்டக் குடையை மெல்ல ஓரங்கட்டிச்சு. வயித்துல இருந்த ரிசர்வ் முதுகுக்கு ஏறி மெயினுக்கு மேல உக்காந்துச்சு. ரிசர்வும் செவ்வகமாச்சு.

கழட்டினவங்க ரெண்டாவது பிடியை மறந்துட்டா? அதுக்கும் ஒரு விடை. மெயினோட பட்டையில இருந்து ரிசர்வுக்கு ஒரு சின்ன நாடா. மெயின் போகும்போது அதுவே ரிசர்வைத் திறந்து விட்டுட்டுப் போகும். 1960களிலேயே பெர்ரி ஸ்டீவன்ஸ் இந்த யோசனையைச் செய்து காட்டினார். 2003 வாக்குல பில் பூத் இன்னும் ஒரு படி மேல போய், கழண்டு போற மெயினே ரிசர்வைப் பையோட இழுத்து வெளியே போடற மாதிரி 'ஸ்கைஹுக்' கொண்டு வந்தார். கெட்டுப் போன குடைகிட்டயே கடைசியா ஒரு வேலை வாங்கிக்கிற புத்திசாலித்தனம்!

எதையுமே இழுக்காம விழுந்துட்டே இருந்தா? அதுக்கு ஜெர்மனிக்காரர் ஹெல்முட் க்ளோட் 1991-ல 'சைப்ரஸ்'னு ஒரு சின்னப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தார். காத்தழுத்தத்தை அளந்துட்டே இருக்கும். தரைக்கு மேல ஏறக்குறைய 225 மீட்டர்ல நீங்க இன்னும் நொடிக்கு 35 மீட்டருக்கு மேல வேகமா விழுந்துட்டு இருந்தா, ரிசர்வை மூடியிருக்கிற நூலை ஒரு குட்டிக் கத்தி அறுத்துடும். சாதாரணமா மனுஷன் விழற வேகத்துக்கு அந்த 225 மீட்டர்ங்கிறது நாலு நொடி. இதுக்கு முன்னாடியும் இப்படிக் கருவிகள் இருந்துச்சு, ஆனா அனுபவசாலிகள் நம்பி மாட்டிக்கிட்டது இதுக்கப்புறம்தான்.

இவ்வளவுக்கும் பலன் இருக்கா? இருக்கு. அமெரிக்க பாராசூட் சங்கத்தோட கணக்குப்படி 1970களில் வருஷத்துக்குச் சராசரியா 42-க்கு மேல சாவு. 2023-ல சுமார் 36 லட்சம் ஜம்புகளுக்கு 10. அந்தப் பத்துப் பேர் வீட்டுக்கு இந்தப் புள்ளிவிவரம் ஆறுதல் இல்லை, தெரியும். ஆனா வித்தியாசம் பெருசு. பில் பூத்தே ஒரு எச்சரிக்கையும் சொல்லி வெச்சிருக்கார்: கருவி எவ்வளவு பத்திரமாகுதோ, அவ்வளவுக்கு மனுஷன் துணிஞ்சு அபாயத்தைத் தேடிப் போவான்னு. உண்மைதான். இப்போ சாகறவங்கள்ல பல பேர், நல்லா விரிஞ்ச குடைக்கு அடியில, தரைக்குப் பக்கத்துல வேகமாத் திருப்பி அடிபட்டுச் சாகறவங்க.

இதையெல்லாம் கேட்டுட்டு நான் ஒரு அசட்டுத்தனம் பண்ணினேன். "அப்போ நான் இன்னும் கொஞ்சம் தயங்கியிருந்தாலும் சைப்ரஸ் காப்பாத்தியிருக்கும், இல்லையா?"ன்னு கேட்டுட்டேன்.

தாத்தா கையில இருந்த துணியைக் கீழே வெச்சார். "காப்பாத்தியிருக்காது."

பாதி விரிஞ்ச குடையில நான் விழுந்த வேகம், அந்தப் பெட்டி 'இவன் ஆபத்துல இருக்கான்'னு முடிவு பண்ற வேகத்தை விடக் குறைச்சல். அதுக்கு நான் பத்திரமா இறங்கிட்டு இருக்கேன்னுதான் அர்த்தம். ஆனா தரையில மோதிச் சாகறதுக்கு அந்த வேகம் தாராளமாப் போதும். நாடா? மெயினைக் கழட்டினாத்தான் அது வேலை செய்யும். மூணு வளையம்? இழுத்தாத்தான் பிரளும். பவுலுஸ்ல இருந்து பூத் வரைக்கும் இத்தனை பேர் மண்டையை உடைச்சுக்கிட்டுச் செஞ்ச அத்தனையும் என் முதுகுல தயாரா இருந்துச்சு. எல்லாம் என் வலது கைக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சு. வலது கை, 'இன்னும் ஒரு தடவை'ன்னு பிரேக் கயிற்றைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

முழுசாப் போன குடை ஆளைக் குழப்பாது. ஒண்ணுமே இல்லைன்னா கை தானாப் பிடிக்குப் போகும். பாதி நல்லா இருக்கிற குடைதான் ஆபத்து. அது நம்பிக்கை கொடுக்கும். நானே மடிச்சது வேற, விட மனசு வரலை. அந்த முன்னூறு அடி எங்கே போச்சுன்னு இப்போ எனக்குத் தெரியும்.

தாத்தா ரிசர்வை மடிச்சு முடிக்க சாயங்காலம் ஆச்சு. ஒவ்வொரு கயிறா தடவிப் பார்த்தார், ஒவ்வொரு தையலா வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தார். கடைசியா சிவப்பு நூல் கட்டி, அதுல ஈய முத்திரை ஒண்ணை நசுக்கினார். அட்டையில தேதி போட்டுக் கையெழுத்து. அமெரிக்கச் சட்டப்படி ஆறு மாசம் செல்லும். முன்னாடி 120 நாளா இருந்ததை 2008-ல 180 நாளாக்கினாங்க. அதுக்குள்ள யாரும் அதைத் தொடலைன்னாலும் மறுபடி பிரிச்சு, பார்த்து, மடிக்கணும்.

ரிக்கை முதுகுல மாட்டி விட்டார். "கண்ணை மூடு"ன்னார். மூடினேன். "குடை கெட்டுப் போச்சு. எத்தனை அடி?"

"இரண்டாயிரத்து ஐநூறு."

"என்ன பண்ணணும்?"

வலது கை சிவப்பு மெத்தைக்குப் போச்சு, இடது கை உலோகத்துக்குப் போச்சு. இழுக்கலை, தொட்டதோட சரி. பத்துத் தடவை செய்யச் சொன்னார். இப்போ ஒவ்வொரு தடவையும் விமானம் ஏறும்போது இதைச் செய்யறேன். பக்கத்து சீட்டுப் பசங்க சாமி கும்பிடறேன்னு நினைக்கிறாங்க. நினைச்சுட்டுப் போகட்டும்.

நேத்து 39-வது ஜம்ப். மெயின் அழகா விரிஞ்சுது. இந்தத் தடவை மடிக்கும்போது பிரேக் கயிற்றை மூணு முறை சரிபார்த்தேன் :-)